ஆட்டிசக் குழந்தைக்கு எவ்வளவு உடற்பயிற்சி? – கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். உடற்பயிற்சியின் அளவைப் பற்றிக் கேளுங்கள். மருந்தும் உணவும் என் துறை அல்ல. கேள்விகளுக்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். தாமிரபரணிக் கரையிலோ வாய்க்கால், குளத்துப் பக்கத்திலோ குடியிருப்பவர்கள், வாசற்கதவில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாளை இன்றே போட்டுவிடுங்கள். காரணத்தைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஓர் அம்மா: மகனுக்கு 6 வயது. பேச்சு இன்னும் வரவில்லை. தினமும் 60 நிமிடம் வேண்டும் என்று படித்தேன். இவன் பத்து நிமிடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிடுகிறான். நான் ஏதும் தவறு செய்கிறேனா மேடம்?

இல்லை அம்மா. 60 என்ற கணக்கு உண்மைதான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்று இருக்கிறது. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கும் அதே கணக்குத்தான். ஆனால் அது கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம். கொஞ்சமாகத் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வரியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குத் தசை தளர்ந்திருக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளை விளையாட்டாக ஓடும் தூரத்தை இவன் பாடுபட்டுக் கடக்கிறான். அவன் உட்கார்வதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேச்சில்லாத பிள்ளை ‘போதும்’ என்று சொல்லும் விதம் அது. பத்தாவது நிமிடத்தில் உட்கார்கிறான் என்றால் ஆறாவது நிமிடத்தில் நீங்களே நிறுத்திவிடுங்கள். காலையில் ஆறு நிமிடம், மாலையில் ஆறு நிமிடம். இரண்டு வாரம் அப்படியே போகட்டும். அதன்பின் இரண்டு நிமிடம் கூட்டுங்கள்.

எப்போது முடியும் என்று தெரியாததே பல குழந்தைகளுக்குப் பெரிய பயம். ஒரு கிண்ணத்தில் ஐந்து புளியங்கொட்டையைப் போட்டு, ஒரு சுற்று முடிந்ததும் ஒன்றை எடுத்து அடுத்த கிண்ணத்தில் அவனே போடட்டும். கொட்டை தீர்ந்தால் பயிற்சி முடிந்தது. ‘இன்னும் ஒரே ஒரு சுற்று’ என்று மட்டும் ஏமாற்றிவிடாதீர்கள். மறுநாள் கிண்ணத்தைப் பார்த்தாலே ஓடிவிடுவான்.

ஓடும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்பது பெரியவர்களுக்கான அளவுகோல். பேசாத பிள்ளைக்கு நான் பார்ப்பது அவனுடைய முணுமுணுப்பை. ஒரே இழையாக வந்த ஒலி மூச்சுக்கு மூச்சு அறுந்தால், வேகம் போதுமான அளவுக்கு வந்துவிட்டது.

வள்ளியூர்: 3 வயதுக் குழந்தைக்கு எத்தனை நிமிடம்?

நாள் முழுவதும் சிதறலாக 180 நிமிட அசைவு. அதில் 60 நிமிடம் ஓட்டமும் குதிப்பும். இந்த வயதில் பயிற்சி என்று தனியாக எதுவும் வேண்டாம். தார்சாவில் (வீட்டு முன்கூடத்தில்) தலையணைத் திண்டுகளை அடுக்கி ஏறி இறங்கவிடுங்கள்.

தென்காசி: ரிஸ்பெரிடோன் தொடங்கியபின் எடை கூடிவிட்டது. பயிற்சியை இரட்டிப்பாக்கலாமா?

அந்த மருந்தால் பசியும் எடையும் கூடுவதுண்டு. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பயிற்சியை இரட்டிப்பாக்க வேண்டாம்.

பேட்டை: பால், கோதுமையை நிறுத்தினால் சரியாகுமா?

என் துறை அல்ல. குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், பாளையங்கோட்டை: பேரனுக்கு 8 வயது. தினமும் மைதானத்தில் பத்துச் சுற்று ஓட வைக்கிறேன். ஓடி முடித்தபின் கைகளைப் படபடவென்று ஆட்டுவது நின்றுவிடுகிறது. கடும் ஓட்டம் இதைக் குறைக்கும் என்று ஆய்வே இருக்கிறதாம். நீங்கள் ஆறு நிமிடம் என்கிறீர்களே அம்மா?

ஆய்வு இருக்கிறது ஐயா. 1984இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 15 நிமிடம் பந்து விளையாடியபின் பெரிய மாற்றம் இல்லை. 15 நிமிடம் விடாமல் ஓடியபின் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் குறைந்தன. கடுமைக்குப் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே பார்த்தது ஓட்டத்தை அடுத்து வந்த நேரத்தை. நீங்கள் எந்த நோக்கத்துக்காக ஓட வைக்கிறீர்கள் என்பதுதான் என் கவலை. கையை ஆட்டுவது பல குழந்தைகளுக்கு மனத்தைத் தணித்துக்கொள்ளும் வழி. அதை நிறுத்துவதற்காகக் களைப்படைய வைத்தால், பிள்ளை அமைதியாக இருக்கிறானா அல்லது அசையத் தெம்பில்லாமல் இருக்கிறானா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

அதே ஆசிரியர்: முப்பது வருடம் மைதானத்தில் நின்றவன் நான். பிள்ளைகள் முதலில் அழுவார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள். கெஞ்சினால் விட்டுவிடுவதா?

மேலப்பாளையத்திலிருந்து ஓர் அம்மா: குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள் சார். என் மகனையும் ஒருவர் இப்படித்தான் ஓட வைத்தார். ஒரு மாதத்தில் அவன் ஷூவைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டான். இரண்டு வருடம் மைதானத்துப் பக்கமே வரவில்லை.

ஐயா, இந்த அம்மா சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள். உங்கள் மாணவர்களுக்குக் கால் வலித்தால் வலிக்கிறது என்றார்கள், தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்டார்கள். இவனுக்குத் தாகம் எடுப்பதே தெரியாமல் போகலாம். குதிகால் புண்ணோடும் ஓடுவான். அதனால் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, கேட்காவிட்டாலும் தண்ணீர் கொடுங்கள். முகம் சிவந்து, கால் தடுமாறினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். சித்திரை, வைகாசியில் காலை ஏழுக்கு முன், அல்லது வெயில் தாழ்ந்தபின். ‘போதும்’ என்று காட்ட ஓர் அட்டையை அவன் கையில் கொடுத்து, காட்டியதும் நிறுத்துங்கள். முதல் வாரம் ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை காட்டுவான், காட்டட்டும். நிறுத்துவீர்கள் என்ற நம்பிக்கை வந்தபின்தான் கூட ஓடுவான்.

உங்கள் அனுபவம் வீணாகாது. சிலம்பத்தின் காலடி வரிசையைக் கற்றுக்கொடுங்கள். ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும், யாரும் உடலைத் தொடமாட்டார்கள், கூச்சல் இல்லை. கபடியை வெறுக்கும் குழந்தைகள் இதில் நிலைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதே ஆசிரியர்: அட்டையைச் செய்து பார்க்கிறேன். பத்துச் சுற்றைப் பற்றி இன்னும் எனக்கு ஒப்புதல் இல்லை.

பார்த்துவிட்டு எழுதுங்கள் ஐயா. ஒன்றை மட்டும் குறித்து வையுங்கள்: மறுநாள் காலை மைதானத்துக்குக் கிளம்பும்போது அவன் முன்னால் நடக்கிறானா, பின்னால் இழுபட்டு வருகிறானா.

நாங்குநேரி: 9 வயது. எத்தனை நிமிடம்?
சங்கரன்கோவில்: 12 வயது. எத்தனை நிமிடம்?

இதற்குப் பதில் மேலேயே இருக்கிறது. வயதை மட்டும் வைத்து நான் எண் சொல்ல மாட்டேன். இன்று எத்தனையாவது நிமிடத்தில் தானாக நிற்கிறான் என்று மூன்று நாள் எழுதி அனுப்புங்கள், பிறகு பேசலாம்.

களக்காடு: மகளுக்கு 11 வயது. மைதானமும் இல்லை, வெளியே கூட்டிப்போக ஆளும் இல்லை.

மைதானம் வேண்டாம். பாதி நிரம்பிய குடத்தைக் கிணற்றடியிலிருந்து அடுக்களைக்குக் கொண்டுவரட்டும். சீசனில் நுங்கு வண்டி செய்து கொடுங்கள். தள்ளுவதும் திருப்புவதும் தோளுக்கும் இடுப்புக்கும் நல்ல வேலை. பாரம் தூக்குவதும் தள்ளுவதும் பல குழந்தைகளின் மனத்தைச் சமனப்படுத்துகின்றன. ஒரு பத்தமடைப் பாயை விரித்து, ‘இதற்குள் குதி’ என்றால் எல்லை புரியும். அறுபதையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை; பத்துப் பத்தாகச் சேர்த்தாலும் கணக்குத்தான்.

நாங்குநேரி: சரி, 9 வயதுக்கு ஒரு தோராயமாகவாவது?

மூன்று நாள் எழுதுங்கள்.

பாபநாசம்: மகனுக்கு 10 வயது. தண்ணீர் என்றால் உயிர். நீச்சல் நன்றாக வந்துவிட்டது. இனிப் படித்துறையில் அவன் போக்கில் விடலாமா?

கூடாது. நீச்சல் மிக நல்ல பயிற்சி, தொடருங்கள். ஆனால் நீங்களும் கை எட்டும் தூரத்தில் தண்ணீருக்குள் நில்லுங்கள். கரையில் நின்று கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்க்காமல் போகலாம். சொல்லாமல் வீட்டைவிட்டுப் போகும் ஆட்டிசக் குழந்தைகள் பலர் நேராகத் தண்ணீரைத்தான் தேடிப் போகிறார்கள். இப்படிப் போகும்போது உயிர் பறிபோவது பெரும்பாலும் மூழ்கித்தான். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறக்கவே வேண்டாம். படித்துறையில் குளிப்பவர்களிடமும் பக்கத்துக் கடைக்காரரிடமும் மகனின் முகத்தைக் காட்டி, தனியாக வந்தால் பிடித்து நிறுத்தச் சொல்லி வையுங்கள். தாழ்ப்பாள் போட்டாயிற்றா?