அப்பாவின் பட்டறைக்கு மகள் வரலாமா?

கேள்வி: பீனியாவில் ஒரு லேத் பட்டறையில், இரும்பைக் கடையும் இயந்திரத்தில், டர்னராக வேலை பார்க்கிறேன். என் மனைவி ஒயிட்ஃபீல்டில் உள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருக்கிறார். அங்கே அண்மையில் ஊழியர்களின் பிள்ளைகளுக்காக ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் அங்கு போய் வந்ததிலிருந்து, "உங்க வேலைக்கு என்னைக்குப்பா கூட்டிட்டுப் போவீங்க?" என்று நச்சரிக்கிறாள். எண்ணெய்ப் பிசுக்கும் இரைச்சலுமாக இருக்கும் இடத்தைப் பார்த்தால் என்னைக் குறைவாக நினைத்துவிடுவாளோ என்று தயங்குகிறேன். மனைவியோ ஆபத்தான இடம், வேண்டவே வேண்டாம் என்கிறார்.
- வாசகர், தாசரஹள்ளி, பெங்களூரு

பதில்: உங்கள் தயக்கத்தை விட உங்கள் மனைவியின் அச்சத்துக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் நியாயம் இருக்கிறது. பட்டறை முழுவீச்சில் ஓடும் நேரத்தில் பிள்ளையை உள்ளே அழைத்துப் போகக் கூடாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இயந்திரங்கள் ஓடும்போது ஆலைக்குள் காணப்படும் ஒருவரை, அப்படியல்ல என்று நிரூபிக்கப்படும் வரை, அங்கு வேலை செய்பவராகவே கருத வேண்டும் என்று தன் 103-ஆம் பிரிவில் வகுத்திருந்தது; 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை ஆலை வேலைக்கு வைப்பதோ குற்றம். ஆகவே முதலாளி முகம் சுளித்தால் அவரைக் கல்நெஞ்சர் என்று எண்ண வேண்டாம். ஆய்வாளர் வந்து நின்றால் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

அதற்காக ஆசையை அடியோடு மறுக்க வேண்டியதில்லை. 1993-இல் அமெரிக்காவில் இத்தகைய நாளைப் பெண் குழந்தைகளுக்கென்றே தொடங்கினார்கள். எந்த வேலையும் தமக்கு எட்டாதது என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது என்பதே நோக்கம். மகன்களை முறையாகச் சேர்த்துக்கொண்டது 2003-இல்தான். இன்று பல நிறுவனங்களில் அந்த நாள் மாயாஜாலக் காட்சி, கேக், தொப்பி என்று முடிந்துவிடுகிறது. அம்மா அங்கே என்ன வேலை செய்கிறார் என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். அவளால் சொல்ல முடியாவிட்டால் வியப்பில்லை.

நம் பட்டறைகளிலும் பிள்ளைகள் வரும் நாள் ஒன்று உண்டு. ஆயுத பூஜையன்று லேத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுப்பார்கள். ஆனால் அன்று இயந்திரம் ஓடாது. அப்பா புதுச் சட்டையில் நிற்பதைப் பிள்ளை பார்க்கிறதே தவிர, அவர் வேலை செய்வதைப் பார்ப்பதில்லை.

ஆகவே ஒரு சனிக்கிழமை மாலை, ஷிப்ட் முடிந்து மற்ற இயந்திரங்கள் நின்ற பிறகு, முதலாளியின் ஒப்புதலோடு, அவரும் உடனிருக்க, உங்கள் லேத் ஒன்றை மட்டும் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுங்கள். துப்பட்டா, வளையல், செருப்பு வேண்டாம். பின்னலைத் தொங்கவிடாமல் கொண்டையாக முடிந்து, ஷூவும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து வரட்டும். கையுறை பாதுகாப்பு என்று வீட்டில் நினைத்துக் கொடுத்தனுப்புவார்கள். இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் அது மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும் என்பதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இயந்திரம் ஓடி நிற்கும்வரை அவள் அதற்கு அப்பாலேயே நிற்கட்டும்.

முதலில் ஒரு இரும்புத் தண்டை அவளே வெர்னியரால் அளந்து எழுதி வைக்கட்டும். நீங்கள் கடைந்து, இயந்திரத்தை நிறுத்தி, துடைத்துக் கொடுத்ததும் மறுபடி அளக்கட்டும். கீழே விழுந்து கிடக்கும் பளபளப்பான சுருளைத் தொட அவளுக்குக் கை நீளும். அது பிளேடு போல அறுக்கும் என்று முன்பே எச்சரித்துவிடுங்கள். பிறகு அவளுடைய தலைமுடி ஒன்றை மைக்ரோமீட்டரில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 0.05 மில்லிமீட்டருக்கும் 0.1 மில்லிமீட்டருக்கும் இடையே ஏதாவது காட்டும். அதன்பின், 0.02 மில்லிமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ பொருள் கழிக்கப்படும் என்று குறித்திருக்கும் வரைபடம் ஒன்றை எடுத்து நீட்டுங்கள். உங்களைக் குறைவாக நினைப்பாளா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லத் தேவையிருக்காது.

உங்கள் மனைவியும் வந்தால் நல்லது. அவரும் இதுவரை உங்கள் லேத்தைப் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: நான் செவிலியர். எட்டு வயது மகனை என் வார்டுக்கு ஒரு நாள் அழைத்துப் போகலாமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: வேண்டாம். பிள்ளைக்குத் தொற்று வரலாம் என்பது ஒரு பாதி. அவன் கொண்டுவரும் சளியும் இருமலும் நோயாளிக்குப் போகும் என்பது மறு பாதி. மேலும், படுக்கையில் இருப்பவர் தம்மை ஒரு சிறுவன் வேடிக்கை பார்ப்பதற்கு ஒப்புதல் தரவில்லை. விடுமுறை நாளில் வீட்டிலேயே மணிக்கட்டில் நாடி பிடித்து ஒரு நிமிடம் எண்ணக் கற்றுக்கொடுங்கள். தன் நாடியையும் பாட்டியின் நாடியையும் எண்ணிவிட்டு, மாடிப்படி ஏறி இறங்கி வந்து தன்னுடையதை மறுபடி எண்ணட்டும். மூன்றையும் நீங்கள் வார்டில் எழுதுவது போலவே நேரம் குறித்துக் கட்டம் போட்டு எழுதச் சொல்லுங்கள்.