லாரியை மோட்டார் ஹோமாக மாற்றும்போது கேபின் சஸ்பென்ஷன் போட்டால் குலுக்கல் போய்விடுமா?

ஜெர்மனியில் பழைய 7.5 டன் லாரியை வாங்கி வீடாக்குகிறவர்களுக்கும் இதே சந்தேகம் வரும். முழுசாகப் போகாது. கேபின் சஸ்பென்ஷன் என்பது ஓட்டுநர் கேபினுக்கும் லாரியின் அடிச்சட்டத்துக்கும் நடுவே குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் அமைப்பு, அவ்வளவுதான். சக்கரங்களுக்கு மேல் வண்டியைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கடுக்கான எஃகுப் பட்டை) முழுச் சரக்குக்குக் கணக்குப் போட்டது. வீட்டுப் பெட்டி அந்த எடையைத் தொடாவிட்டால் அது மசியாது. கேபின் சஸ்பென்ஷன் உங்கள் முதுகைக் காப்பாற்றும், பின்னால் அலமாரியில் தட்டுகள் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

செலவு செய்யும் முன் கேபினுக்கு அடியில் எட்டிப் பாருங்கள். பழைய வண்டி என்றால் ரப்பர் புஷ் வெடித்திருக்கும், ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருக்கும். அவற்றை மாற்றினாலே பாதி நிம்மதி. அப்புறம் வண்டியை எடை போட்டு, அந்த எடைக்கு டயர் நிறுவனம் சொல்லும் காற்றழுத்தம் வையுங்கள்.

கேபினிலிருந்து வீட்டுக்குள் போக வழி வெட்டுவதானால், இரண்டையும் இறுக்கிப் பிணைத்துவிடாதீர்கள். நடுவில் துருத்தி மாதிரி ரப்பர் மடிப்பு வேண்டும். கேபின் ஒரு பக்கம் ஆடும், பெட்டி வேறு பக்கம் சாயும்.