சாம்பியன் ஆனாலும் பிரீமியர்ஷிப்புக்குப் போக முடியாதா?

ஈலிங் டிரெயில்ஃபைண்டர்ஸ் கிளப் 2021-22 சீசனில் இங்கிலாந்து ரக்பியின் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் முதலிடம் பிடித்தும் ஏன் மேலே போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் ஆட்டம் இல்லை, மைதானம்தான். முதல் அடுக்கான பிரீமியர்ஷிப்பில் சேர 10,001 பேர் கொள்ளும் மைதானம் வேண்டும் என்பது அப்போதைய விதி. மேற்கு லண்டனில் இருக்கும் ஈலிங்கின் மைதானம் அதைவிட மிகச் சிறியது. இரண்டாம் இடம் பிடித்த டான்காஸ்டர் நைட்ஸும் விண்ணப்பித்தது. அதற்கும் அனுமதி கிடைக்கவில்லை.

என் பார்வையில் இது பெரிய அநியாயம். மேலே போனால்தானே கூட்டமும் பணமும் வரும்? அதற்கு முன்பே பெரிய மைதானம் கட்டு என்றால் சிறிய கிளப் எங்கே போகும்? அப்புறம் 2022-23இல் ஜெர்சி ரெட்ஸ் பட்டம் வென்றது. சின்னத் தீவின் அணி அது, அதுவும் மேலே போகவில்லை. சில மாதங்களில், 2023 செப்டம்பரில், பணமில்லாமல் கிளப்பையே மூடிவிட்டார்கள்.