கிராம மின்திட்டங்கள் எங்கே சறுக்குகின்றன? – கேள்வி பதில்

கேள்வி (பொறியியல் மாணவி): ஐயா, மின்மயமாக்கத் திட்டத்தின் செயல்திறனைக் காலம், செலவு, தரம் ஆகியவற்றைக் கொண்டு அளக்கலாம் என்று படித்தோம். அது போதுமா?

பதில்: ஒப்பந்ததாரரை அளக்கப் போதும், திட்டத்தை அளக்கப் போதாது. இந்தியாவில் 2004இல் வந்த வரையறையைப் பாருங்கள். ஊருக்குள் மின்மாற்றியும் கம்பியும் வந்து, பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கு மின்சாரம் கிடைத்து, நூற்றுக்குப் பத்து வீடுகளுக்கு இணைப்பு இருந்தால் அது மின்மயமான கிராமம். மற்ற தொண்ணூறு வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தாலும் கோப்பில் குறையிருக்காது. உலக வங்கி 2015இல் முன்வைத்த பலபடி அளவுகோல் வேறு கேள்விகளைக் கேட்கிறது: நாளுக்கு எத்தனை மணி நேரம் மின்சாரம் வருகிறது? மின்னழுத்தம் சீராக இருக்கிறதா? கட்டணம் கட்டுப்படியாகிறதா? அதன் முதல் படியை எட்டவே நாளுக்கு 4 மணி நேர மின்சாரம் வேண்டும். காலக்கெடுவை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்குப் பாதி இடர்கள் தெரியவே தெரியாது.

கேள்வி (ஒப்பந்ததாரர்): எங்கள் வேலைகள் பெரும்பாலும் தாமதமாகின்றன. முதல் காரணம் எது?

பதில்: அரைகுறைக் கள ஆய்வு என்பேன். பழைய வரைபடத்தை மேசையில் விரித்துக் கம்பங்களை எண்ணியிருப்பார்கள். நேரில் போனால் காடும் ஓடையும் தனியார் வயலும் குறுக்கே நிற்கும். வனத்துறை அனுமதிக்குக் காத்திருப்பதற்குள் மழைக்காலம் வந்துவிடும், கம்பம் ஏற்றிய லாரி போக வழியிருக்காது. அதற்குள் கம்பிக்கான அலுமினியத்தின் விலையும் ஏறியிருக்கலாம். விலை ஏற்றத்துக்கு ஒப்பந்தத்தில் இடமில்லையென்றால் அந்த நட்டத்தைக் கம்பக் குழியின் ஆழத்தைக் குறைத்துத்தான் ஈடுகட்டுவார்கள். கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அவசரத்தில் அது குறையும், அடுத்த புயலில் கம்பம் சாயும். அனுமதிக் கடிதத்தில் தொடங்கியது மின்தடையில் முடிகிறது. ஆனால் அறிக்கையில் இரண்டும் வெவ்வேறு பக்கங்களில் இருக்கும்!

கேள்வி: எல்லா இடரையும் ஒப்பந்ததாரர் தலையில் கட்டிவிட்டால் என்ன?

பதில்: கட்டலாம். விவரமானவர் அதற்கும் ஒரு விலை வைத்து ஒப்பந்தப்புள்ளியில் சேர்த்துவிடுவார். விவரமில்லாதவர் குறைத்துக் கேட்டுவிட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போவார். கட்டுமானத் தரம் அவர் பொறுப்பு. நில அனுமதி அரசின் பொறுப்பு. கருவிகளை டாலரில் வாங்கி, கட்டணத்தை உள்ளூர்ப் பணத்தில் வசூலிக்கும் திட்டத்தில் டாலர் மதிப்பு ஏறும் செலாவணி இடரை அவரிடம் தள்ளுவதில் பொருளே இல்லை.

கேள்வி (ஆசிரியர்): எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் மாலையில் விளக்குகள் மங்குகின்றன. இதுவும் இடரா?

பதில்: ஆம், மின்தேவையைக் குறைத்துக் கணித்ததால் வரும் இடர். எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கும் மின்விசிறியும் போடும்போது மின்னோட்டம் கூடுகிறது. நீளமான தாழ்வழுத்தக் கம்பியின் கடைசி வீட்டுக்குப் போவதற்குள் மின்னழுத்தம் இறங்கிவிடுகிறது. கம்பியில் வீணாகும் மின்சாரமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும்: மின்னோட்டம் இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு. மின்மாற்றி அளவுக்கு மீறிச் சூடாகி ஒருநாள் எரிந்தும் போகும்.

இதற்கு நேர்மாறாக, தேவையைக் கூட்டிக் கணிக்கும் தவறும் உண்டு, அது இன்னும் மோசமானது என்பது என் கருத்து. கென்யாவில் 2015இல் தொடங்கிய ‘கடைசி மைல்’ இணைப்புத் திட்டத்தில் இணைப்பு பெற்ற வீடுகள் பல மிகக் குறைந்த மின்சாரத்தையே பயன்படுத்தின. விற்பனை இல்லையென்றால் வருவாய் இல்லை, பராமரிப்புக்கும் பணம் இல்லை. வெறும் விளக்குகளை நம்பி நீண்ட மின்பாதை இழுப்பது ஆபத்து. நீரேற்றும் மோட்டார், மாவு அரவை, குளிர்பதனம் போன்ற பகல்நேரப் பயன்பாடு இருக்கிறதா, அவற்றை வாங்கக் கடன் கிடைக்குமா என்பதையும் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.

கேள்வி: ஊருக்கென்று தனிச் சூரிய மின்நிலையம் அமைத்தால் இந்தத் தொல்லைகள் இல்லையே?

பதில்: வேறு தொல்லைகள் உண்டு. ஈய அமில பேட்டரியை அடிக்கடி அடிமட்டம் வரை தீர்த்தால் ஆயுள் வேகமாகக் குறையும். வெயிலும் அதற்கு ஆகாது. இன்னொன்று, பெரிய மின்கட்டமைப்பே வந்து சேரும் இடர். பீகாரின் தர்னாய் கிராமத்தில் 2014இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் முயற்சியில் 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. பிறகு விலை குறைந்த அரசு மின்சாரம் வந்தது; சூரிய நிலையம் பயனற்றுப் போனது. அப்படி வரும் நாளில் நிலையத்தின் மின்சாரத்தை யார், என்ன விலைக்கு வாங்குவார்கள், அல்லது இழப்பீடு யார் தருவார்கள் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: இடர்ப் பட்டியல் தயாரித்து வைத்திருக்கிறோம். பயன்படுமா?

பதில்: ஒவ்வொரு இடருக்கும் எதிரே பொறுப்பாளர் பெயர், ஒதுக்கிய தொகை, மறு ஆய்வுத் தேதி மூன்றும் இருக்கின்றனவா? இருந்தால் பயன்படும். கட்டுமானம் முடிந்ததும் அதைக் கட்டி வைத்துவிடாமல், திட்டத்தை ஏற்று நடத்தும் அலுவலகத்திடம் ஒப்படையுங்கள். எரிந்த மின்மாற்றிக்கு மாற்று எங்கிருந்து, எத்தனை நாளில் வரும் என்ற வரி அதில் இல்லையென்றால் இன்றே சேர்த்துவிடுங்கள்.