இடுப்பு வலி காலுக்கு இறங்கினால் உடனே எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமா?

வெள்ளவத்தையில் இருக்கும் உங்களுக்கு 42 வயது, வலி தொடங்கி 10 நாள், இடது காலில் மின்சாரம் பாய்கிற மாதிரி இழுக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் இது இடுப்பின் கீழ்ப்பகுதி டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற தட்டு) பிதுங்கி நரம்பை அழுத்துவதால் வருவது.

வைத்தியர் முதலில் உங்களை மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்துவார். 30 முதல் 70 பாகைக்குள் அந்த வலி காலில் சுரீரென்று இறங்கினால் நரம்பு அழுத்தப்படுகிறது என்று சந்தேகிப்பார். பிறகு பாதத்தின் பலம், உணர்ச்சி பார்ப்பார். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், டிஸ்க் தெரியாது. எம்ஆர்ஐயில் தெரியும். ஆனால் வலியே இல்லாத 40 வயதுக்காரரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் தெரியும். அறிக்கையைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள்தான் அதிகம்!

பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் வலி குறைந்துவிடும், அதனால் உடனே எம்ஆர்ஐ தேவையில்லை. படுத்தே கிடக்காதீர்கள், மெல்ல நடங்கள். அப்புறம் பிசியோதெரபி.

ஆனால் சிறுநீர் போகாமல் நின்றாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ ஒரு நாள்கூடப் பொறுக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். இலங்கையில் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.