உடலின் மின்தடையை அளந்து மது அருந்தியதைக் கண்டறிய முடியுமா?

கேள்வி: இயந்திரங்கள் ஓடும் தொழிற்கூடம் ஒன்றுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். இரு கைகளாலும் பிடித்தால் உடலின் மின்தடையை அளந்து, தொழிலாளர் மது அருந்தியிருக்கிறாரா என்று காட்டும் கருவியை வாசலில் வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டாம். ஒருவருடைய பிழைப்பே அந்த அளவை நம்பி நிற்கப்போகிறது என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இத்தகைய கருவிகள் ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவான மாறுதிசை மின்னோட்டத்தை, பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், உடலுக்குள் செலுத்தி, அதற்கு உடல் காட்டும் எதிர்ப்பை அளக்கின்றன. உடலில் மின்சாரத்தைக் கடத்துபவை நீரில் கரைந்துள்ள சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகளே. எத்தனால் நீரில் கரைந்தாலும் அயனிகளாகப் பிரிவதில்லை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 100 மில்லிகிராம் மது இருந்தால் நடையும் நிதானமும் குலைந்துவிடும். ஆனால் இரத்தத்தில் அது ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்பதால், கடத்துதிறனில் அது நேரடியாக உண்டாக்கும் மாற்றம் மிகச் சிறியது.

கருவி காண்பது மதுவின் பின்விளைவுகளை மட்டுமே. மது, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை அடக்கி உடலின் நீரைக் குறைக்கிறது; தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வியர்க்க வைக்கிறது. காய்ச்சலும் வெயிலும் ஓட்டமும் அச்சமும் இதே மாற்றங்களைச் செய்யும். சோதனைக்குப் பயந்து உள்ளங்கை வியர்த்தவர், ஒரு துளி குடிக்காமலேயே சிக்கிக்கொள்ளலாம். இதே மின்தடை முறையில் உடற்கொழுப்பை அளக்கும் எடைக்கருவியில் ஏறுமுன் மது அருந்தக் கூடாது என்பார்கள். மது அந்த அளவைக் குலைக்கும் என்பது உண்மைதான், ஆனால் குலைத்தது மதுதானா என்பதை அந்த எண்ணிலிருந்து அறிய இயலாது. இதயமுடுக்கி பொருத்தியவர்களுக்கு இம்மின்னோட்டச் சோதனை செய்யவே கூடாது.

மின் அளவீட்டை நம்பத்தக்கதாக ஆக்குவது எரிபொருள் கலம் கொண்ட மூச்சுப் பரிசோதனைக் கருவி. அதில் மூச்சிலுள்ள மதுவே பிளாட்டின மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மின்னோட்டத்தைப் பிறப்பிக்கிறது. மது கூடினால் மின்னோட்டமும் கூடும். வியர்வையிலுள்ள மதுவை இதே முறையில் அறியும் கணுக்கால் பட்டைகளும் உண்டு. ஆனால் மது தோலின் வழியே வெளிவரத் தாமதமாகும் என்பதால் வாசல் சோதனைக்கு அவை உதவா.

வாய் கொப்பளிக்கும் திரவத்தில்கூட மது இருக்கலாம். ஆகவே முதல் சோதனையில் மது தெரிந்தால், அவரை இயந்திரத்தருகே அனுப்பாமல் 15 நிமிடம் தனியே அமரவைத்து, மீண்டும் ஊதச் சொல்லுங்கள். அப்போதும் தெரிந்து, அவர் மறுத்தால், இரத்தப் பரிசோதனைக்கு வாய்ப்பளித்த பிறகே நடவடிக்கை எடுங்கள்.