ஏழு ஷேக்குகள், ஒரு ரெசிடென்ட்: அமீரகத்தின் பழைய சண்டைகள் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

எண்ணெய்க்கு முந்திய அமீரக வரலாறு பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: இவ்வளவு சின்னக் கரையில் இத்தனை ஆட்சிகள் எப்படி, அவர்களுக்குள் ஏன் ஓயாத சண்டை, ஆங்கிலேயருக்கு அதில் என்ன வேலை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அண்ணே, பழைய வரைபடங்களில் இந்தக் கரைக்குக் 'கடற்கொள்ளையர் கரை' என்று பெயர் போட்டிருக்கிறார்களே. நிஜமாகவே கொள்ளையர்களா?

அந்தப் பெயர் ஆங்கிலேயர் வைத்தது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ராஸ் அல் கைமாவையும் ஷார்ஜாவையும் ஆண்ட காசிமிகளிடம் பெரிய கப்பல் படை இருந்தது. வளைகுடாவின் எதிர்க்கரையிலும் அவர்களுக்குத் துறைமுகம் உண்டு. மஸ்கட்டோடு அவர்களுக்குப் பல தலைமுறைப் பகை. மஸ்கட்டோ 1798 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்ட இடம். ஆங்கிலக் கொடி கட்டிய கப்பல்கள் தாக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அதைக் கடல் வணிகத்துக்கான போர் என்று பார்ப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. இன்றைய ஷார்ஜா ஆட்சியாளர் இதையே பிரிட்டனில் தம் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, கொள்ளையர் என்ற பட்டத்தை மறுத்து எழுதியிருக்கிறார்.

1809இல் ஒரு முறை, 1819 டிசம்பரில் மறுபடி ஒரு முறை, பம்பாயிலிருந்து படை வந்து ராஸ் அல் கைமாவை அடித்தது. இரண்டாவது முறை ஊர் விழுந்தது, கப்பல்கள் எரிந்தன. அடுத்த மாதமே, 1820 ஜனவரியில், பொதுக் கடல் ஒப்பந்தம். இனி நட்புக் கப்பல்கள் எல்லாம் சிவப்பைச் சுற்றி வெள்ளைக்கரை போட்ட கொடி கட்ட வேண்டும் என்பது அதில் ஒரு விதி. ஷார்ஜா, ராஸ் அல் கைமா கொடிகளை இன்று பாருங்கள். அதே சிவப்பு, அதே வெள்ளைக்கரை.

தோற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், சரி. அப்புறம் தாங்களாகவே வருஷா வருஷம் கடல் போர்நிறுத்தத்தைப் புதுப்பித்தார்களே, ஏன்?

முத்துதான் காரணம். மே மாதம் பிறந்தால் கரையில் தெம்புள்ள ஆண்கள் எல்லாம் முத்துக்குளிக்கப் படகேறிவிடுவார்கள். திரும்பி வர செப்டம்பர் ஆகும். குளிப்பவன் மூக்கில் கிடுக்கி மாட்டி, காலில் கல் கட்டி இறங்குவான். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் இழுத்தால்தான் அவனுக்கு மூச்சு. அந்த நேரம் பகையாளியின் படகு வந்தால் என்ன ஆகும்? ஊரே கடனில் ஓடிய தொழில் அது. ஒரு பருவம் கெட்டால் அந்தக் கடன் அடுத்த வருஷத்துக்கும் ஏறும்.

1835இல் அபுதாபியின் பனீ யாஸ் குலத்துக்கும் காசிமிகளுக்கும் கடலில் கடும் சண்டை. பாரசீகக் கரையில் புஷெஹரில் இருந்த ரெசிடென்ட், அதாவது வளைகுடாவுக்கான ஆங்கில அரசுப் பிரதிநிதி, ஹெனெல், 'முத்துப் பருவம் முடியும்வரையாவது நிறுத்துங்கள்' என்றார். மே முதல் நவம்பர்வரை ஆறு மாதம். ஷேக்குகள் ஒத்துக்கொண்டார்கள், அடுத்தடுத்த ஆண்டுகளிலும் நீட்டித்தார்கள். 1843இல் பத்தாண்டுக்கு, 1853இல் நிரந்தரமாக. 'போர்நிறுத்தக் கரை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் நிலைத்த பெயர் இப்படி வந்ததுதான். மிரட்டலும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அமைதி ஷேக்குகளுக்கும் வேண்டியிருந்தது என்பதை விட்டுவிட்டால் கதை புரியாது.

நிரந்தரப் போர்நிறுத்தம் என்கிறீர்கள். ஆனால் அதற்கப்புறமும் சண்டை நடந்ததாகப் படித்தேனே, ஐயா?

நடந்தது, தரையில். ஒப்பந்தம் கடலுக்கு மட்டும். பாலைவனத்தில் யார் யாரை அடித்தாலும் 'எங்கள் வேலை இல்லை' என்று பம்பாயின் ஆங்கில அரசு ஒதுங்கிக்கொண்டது. தபால் கப்பலும் வணிகக் கப்பலும் பத்திரமாகப் போனால் அவர்களுக்குப் போதும். அதனால் கடலில் கை கட்டப்பட்டவர்கள் ஒட்டகத்தில் ஏறினார்கள். அபுதாபியை 1855 முதல் 1909 வரை ஆண்ட முதலாம் ஸாயித், 1868இல் ஷார்ஜா ஆட்சியாளர் காலித் பின் சுல்தானை நேருக்கு நேர் மோதிக் கொன்றார். நிரந்தர அமைதி எழுதிப் பதினைந்தே வருஷம்.

இந்தச் சண்டைகளை நாடு பிடிக்கும் போராக நினைக்காதீர்கள். கிணறு, பேரீச்சந்தோப்பு, மேய்ச்சல், ஆள்பலம், இவற்றுக்காகத்தான். நிலத்தைவிட ஆட்கள்தான் ஒரு ஷேக்கின் சொத்து. ஷேக் பிடிக்கவில்லை என்றால் குலமே மூட்டை கட்டிவிடும். 1833இல் அபுதாபியில் மனம் கசந்த ஆல் பூ ஃபலாஸா கிளையினர் சுமார் 800 பேர், மக்தூம் பின் புத்தியும் உபைத் பின் சயீதும் தலைமை தாங்க, துபாய்க்குப் போய்த் தனியாட்சி கண்டார்கள். இன்றும் துபாயை ஆள்வது அந்த மக்தூம் வழிதான்.

நான் ஷார்ஜாவில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். ஃபுஜைரா பக்கம் வண்டி ஓட்டினால் அரை மணிக்குள் மூன்று எமிரேட் மாறுகிறது. யார் இப்படிக் கிழித்துப் போட்டது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், தம்பி. திப்பாவுக்குப் போயிருப்பீர்கள். ஒரே கடற்கரை ஊர். ஒரு துண்டு ஷார்ஜா, ஒரு துண்டு ஃபுஜைரா, மூன்றாவது ஓமான். கோர்ஃபக்கானுக்குத் தெற்கே மத்ஹா என்று ஓமானுக்குச் சொந்தமான இடம், சுற்றிலும் அமீரகம். அந்த மத்ஹாவுக்குள் நஹ்வா என்று ஒரு குட்டிக் கிராமம், அது மறுபடி ஷார்ஜாவுக்கு!

1950கள்வரை அங்கே கோடு என்று எதுவும் கிடையாது. எண்ணெய்க் கம்பெனிகளுக்கு எந்த நிலம் யாருடையது என்று எழுத்தில் வேண்டியிருந்தது. ஜூலியன் வாக்கர் என்ற இளம் ஆங்கில அதிகாரியை அனுப்பினார்கள். அவர் மலையும் வாதியுமாக (வாதி என்றால் வறண்ட பள்ளத்தாக்கு) அலைந்து, ஊர் ஊராகப் பெரியவர்களை உட்கார வைத்துக் கேட்டார்: 'நீங்கள் யாருடைய ஆட்கள்? ஜகாத் வரி யாருக்குக் கொடுக்கிறீர்கள்?' ஒரு கிராமம் ஒரு பெயர் சொல்லும், அடுத்த வாதி வேறு பெயர் சொல்லும். வந்த பதிலை அப்படியே கோடாக்கினார்கள். நாம் இன்று பார்ப்பது நில வரைபடமாக மாறிய விசுவாசப் பட்டியல். பக்கத்துக் குலத்தோடு ஒத்துப்போனால் நேற்று ஒரு ஷேக், முறைத்துக்கொண்டால் இன்று வேறு ஷேக் என்று மாறிக்கொண்டிருந்தவர்கள், கேட்ட அன்று சொன்ன பதிலிலேயே நின்றுபோனார்கள். எனக்கு இதில்தான் மனம் கனக்கிறது.

யாரை ஷேக் என்று ஒப்புக்கொள்வது என்பதிலும் ஆங்கிலேயர் தங்கள் தேவையைத்தான் பார்த்தார்கள். 1936இல், ஷார்ஜாவோடு இருந்த கல்பா என்ற கிழக்குக் கரை ஊரைத் தனி ஆட்சியாக அங்கீகரித்தார்கள். இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் அவசரத்துக்கு இறங்க அங்கே ஓடுதளம் வேண்டியிருந்தது. தேவை தீர்ந்து, 1950களின் தொடக்கத்தில் கல்பா மறுபடி ஷார்ஜாவோடு சேர்ந்தது. ஃபுஜைராக்காரர்கள் எத்தனையோ காலமாகத் தனியாக நின்றும் யாரும் மதிக்கவில்லை. 1925இல் ஆங்கிலக் கப்பல் குண்டு போட்டு அவர்கள் கோட்டையின் கோபுரங்களை இடித்தது. எண்ணெய் ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து தேவைப்பட்ட 1952இல்தான் தனி ஆட்சி என்று ஏற்றார்கள்.

அண்ணா, அபுதாபி அரச குடும்பத்தில் அண்ணன் தம்பிகளே கொன்றுகொண்டார்களாமே?

ஆமாம்மா. 1909இல் முதலாம் ஸாயித் இறந்தபின் மகன்கள் வரிசையாக வந்தார்கள். 1922இல் ஹம்தானைக் கொன்று சுல்தான், 1926இல் சுல்தானைக் கொன்று சக்ர், 1928இல் சக்ரும் கொல்லப்பட்டார். ஆளும் ஷேக் என்ற ஒருவரிடம்தான் ஆங்கிலேயர் பேசுவார்கள், ஒப்பந்தமும் சலுகையும் அவர் பெயரில்தான். அந்த நாற்காலியின் விலை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1928இல் சுல்தானின் மகன் ஷக்பூத் வந்தார். தாயார் சலாமா தம் மகன்களைக் கூப்பிட்டு, உடன்பிறந்தவன் ரத்தத்தைச் சிந்தமாட்டோம் என்று சத்தியம் வாங்கினார். கணவரை அவருடைய சகோதரரிடமே பறிகொடுத்த பெண் கேட்ட சத்தியம். மகன்கள் காப்பாற்றினார்கள். 1966இல் ஆங்கிலேயர் ஆதரவோடு தம்பி ஸாயித் ஆட்சிக்கு வந்தபோது ஷக்பூத் உயிரோடு வெளியேறினார், பிறகு ஊர் திரும்பி வாழ்ந்தார்.

புரைமி தகராறு என்றால் என்ன?

சுருக்கமாகச் சொல்கிறேன். இன்றைய அபுதாபியின் அல் ஐனும் பக்கத்து ஓமானின் புரைமியும் சேர்ந்து ஒன்பது கிராமங்கள். 1952இல் சவூதி ஆட்கள் வந்து அதில் ஹமாஸா கிராமத்தில் உட்கார்ந்தார்கள். வாதம் என்ன தெரியுமா? இங்குள்ள குலங்கள் ஒரு காலத்தில் எங்களுக்கு ஜகாத் கொடுத்தார்கள் என்பது! ஜெனீவாவில் நடுவர் மன்றம் கூடி, லஞ்சக் குற்றச்சாட்டில் கலைந்தது. 1955 அக்டோபரில் ஆங்கில அதிகாரிகளின் கீழ் இருந்த உள்ளூர்ப் படை அவர்களை வெளியேற்றியது.

நம் ரூபாய் அங்கே ஓடியது நிஜமா?

நிஜம். புஷெஹர் ரெசிடென்ட்டின் மேலிடம் முதலில் பம்பாய், 1873க்குப் பின் இந்திய அரசு. ஷேக்குகளுக்கு அபராதம் போட்டாலும் ரூபாயில்தான். 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சடித்தது; 1966வரை இந்தக் கரையில் அது புழங்கியது.

இந்தக் காலத்தைக் கண்ணால் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா? குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

ஷார்ஜாவில் அல் மஹத்தா அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1932இல் ஷேக் சுல்தான் பின் சக்ர் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் போட்டுக் கட்டிய விமானநிலையத் தங்கும் விடுதி அது. லண்டனிலிருந்து இந்தியா போகும் பயணிகள் இரவு தங்கிய இடம். பார்க்கக் கோட்டை மாதிரி இருக்கும். பாலைவனத்திலிருந்து யாராவது பாய்ந்து வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் அப்படிக் கட்டினார்கள். வெளியே வந்து கிங் அப்துல் அஜீஸ் தெருவில் கொஞ்சம் நடந்து பாருங்கள். அந்த நேர்கோட்டுச் சாலைதான் பழைய ஓடுதளம்.